நல்லக்கண்ணுவின் இடது கால்

ஐப்பசி மாதத்தில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களில் கால் வலி என்று சொல்லாதவர் யாருமில்லை. காய்ச்சலுக்கு வந்தவரும் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது, காலும் வலிக்கிறது என்பார். கரிசலில் மழை விழுந்துவிட்டால் அப்படித்தான். ஓர் அடி எடுத்து வைத்தால் காலோடு ஒரு கிலோ மண் சேர்ந்து வரும். அதை உதறிவிட்டு அடுத்த அடி வைத்தால் இன்னொரு கிலோ வரும். உளுந்துக்கும் பாசிக்கும் களை எடுக்கிற நேரம் வேறு. நாள் முழுக்க அதில் நடந்தால் கெண்டைக்கால் வலிக்காமல் என்ன செய்யும்? நானும் நிமிர்ந்து பார்க்காமலே எழுதப் பழகியிருந்தேன். ஒரு வலி மாத்திரை, ஒரு சத்து மாத்திரை, தடவ ஒரு களிம்பு.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பழியில் பாதியையாவது மண்ணின் மேல் போடலாமா என்று பார்த்தேன். பழி அங்கே நிற்கவில்லை.

என் பெயர் ஆனந்தி. புதூர் வட்டாரத்தில் முள்ளிக்கரைப்பட்டி என் சொந்த ஊர். வேலையும் அங்கேயே கிடைத்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற, ஊரில் பாதிப் புஞ்சையை வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது. அந்தப் புஞ்சையில் முப்பது வருஷம் உழைத்தவர் நல்லக்கண்ணு. ஊருக்குத் தெற்கே காலனியில் இருக்கிறார். அறுபதைத் தாண்டியதும் எங்கள் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகப் பதினெட்டு ஆடு வைத்து மேய்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி, ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். டாக்டரான பிறகு நான் மட்டும் ‘நீங்க’ என்று மாற்றிக்கொண்டேன். அதைப் பெரிய காரியம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் அவர் வந்தார். அவர் மனைவி ஆறுமுகத்தாய் உள்ளே வராமல் கதவோரத்தில் நின்றுகொண்டாள். அவரையும் இரண்டு முறை சொன்ன பிறகுதான் ஸ்டூலில் உட்கார வைக்க முடிந்தது.

“எந்தக் கால் வலிக்குது?”

“எடது கால் தாயி. கெண்டைச் சதை.”

“எப்ப வலிக்குது?”

“நடந்தாத்தான் வலிக்கு. கம்மா மடையில இருந்து ஆட்டப் பத்திக்கிட்டுப் பொறப்பட்டா ஒத்தப்பனை வரைக்கும் ஒண்ணும் தெரியாது. அங்கன வந்ததும் சதைய முறுக்கிப் புடிக்கும். செத்த நேரம் நின்னா விட்டுரும். பெறகு அதே தூரம் போனா மறுபடியும் புடிக்கும். அளந்து வச்ச மாதிரி.”

அளந்து வைத்த மாதிரி என்றார். மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிற பிள்ளையிடம் இதைச் சொன்னால், காலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்று அப்போதே சொல்லிவிடும். நடக்கும்போது சதை கூடுதலாக ரத்தம் கேட்கும். குழாய் சுருங்கியிருந்தால் கேட்ட ரத்தம் வராது, வலிக்கும். நின்றுவிட்டால் தேவை குறையும், வலியும் விட்டுவிடும். மண்ணில் நடந்து வருகிற வலி அப்படி நின்ற இடத்தில் விடாது, வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் கூடும். போதாததற்கு, நாற்பது வருஷமாகப் பீடி குடிக்கிறவர். ஆறு வருஷமாக எங்களிடமே சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர். இதைவிட வெளிச்சமாக ஒரு நோய் எப்படி வந்து நிற்கும்?

செய்ய வேண்டியது ஒரு நிமிஷ வேலை. பாதத்தின் மேல்புறத்தில், பெருவிரல் எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் நடுவில் இரண்டு விரலை வைத்துப் பார்க்க வேண்டும். கையில் பார்க்கிற நாடி மாதிரி அங்கேயும் ஒன்று துடிக்கும். துடிக்கவில்லை என்றால் விஷயம் தெரிந்துவிடும். நான் எழுந்து குனியப் போனேன். அவர் காலை ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“நீங்க எங் காலத் தொடலாமா தாயி. வேண்டாம். மாத்திரை எழுதிக் குடுங்க, அது போதும். ஆட்டுக்குப் பின்னால நடக்கணும், அதுக்கு ஒரு வழி செஞ்சிருங்க.”

சரி என்று உட்கார்ந்துவிட்டேன். வயதான மனிதர், கூசுகிறார், அவரை ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வலி மாத்திரை, சத்து மாத்திரை, களிம்பு. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மார்கழியில் மறுபடியும் வந்தார்கள். மழை நின்று, மண் இறுகி, எல்லோருடைய கால் வலியும் ஓய்ந்திருந்தது. அவருடையது ஓயவில்லை. அன்று கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். வராந்தா முழுக்கப் பெண்கள். நல்லக்கண்ணு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முகம் வற்றியிருந்தது. இந்த முறை கதவோரத்தில் இருந்து ஆறுமுகத்தாய்தான் பேசினாள்.

“இப்பம்லாம் நடக்காமலே வலிக்குங்காவ. படுத்தாக் கூடுதலாம். கட்டில்ல இருந்து காலத் தொங்கப் போட்டுக்கிட்டே ஒறங்குதாவ. வெரல் அஞ்சும் ஜில்லுன்னு கெடக்கு தாயி.”

நோய் முற்றியதற்கு இதற்கு மேல் அத்தாட்சி கிடையாது. படுத்தால் கால் வரைக்கும் ரத்தம் எட்டுவதில்லை. தொங்கப் போட்டால் கொஞ்சம் இறங்குகிறது, அதனால் வலி தணிகிறது. பாடப் புத்தகத்தில் இருப்பதை, எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி வரிசை மாறாமல் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் வராந்தாச் சத்தம்தான் விழுந்தது.

“மார்கழிப் பனியில எல்லாருக்கும்தான் ஜில்லுனு இருக்கும். சதைப் பிடிப்புதான். சூடா ஒத்தடம் குடுங்க, விட்டுரும்” என்றேன்.

நான் இதுவரை எழுதிய மருந்துச் சீட்டுகளில் எத்தனையோ தப்பு இருந்திருக்கலாம். ஒன்றும் எழுதாமல் வாயால் சொன்ன இந்த வார்த்தைக்கு ஈடாக எதுவும் இருக்காது.

எங்கள் பக்கத்தில் ஒத்தடம் என்றால் வெந்நீரில் துணியை நனைத்து வைப்பது மட்டுமில்லை. குதிகால் வலிக்குச் செங்கல்லை அடுப்பில் போட்டுக் காய்ச்சி, அதன் மேல் பழுத்த எருக்கிலையை வைத்து, காலை அதன் மேல் ஊன்றச் சொல்வார்கள். நல்ல கால் என்றால் சூடு ஏறியதும் தானே எடுத்துவிடும். சர்க்கரை நரம்பைத் தின்ற காலுக்குச் சூடு தெரியாது. ரத்தம் போகாத சதை, வெந்தால் ஆறவும் செய்யாது. இந்த ஊரில் பிறந்தவள் நான். ஒத்தடம் என்று சொன்னால் ஆறுமுகத்தாய் எதைச் செய்வாள் என்று எனக்குத் தெரியாதா?

தைப் பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் அவரை லோடு ஆட்டோவில் சாய்த்து உட்கார வைத்துக் கொண்டுவந்தாள். காலில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. நர்ஸ் இசக்கிச்செல்வி துணியைப் பிரித்தாள். கடைசிச் சுற்று வரும்போதே நாற்றம் வந்துவிட்டது. பதினைந்து வருஷம் புண் கட்டியவள், எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். குதிகால் வெந்து குழியாக இருந்தது. சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்துச் சுருங்கி இருந்தன. பாதம் பாதி வரைக்கும் நீலம் பரவி இருந்தது.

“எப்படி ஆச்சு?”

“நீங்க சொன்ன மாதிரி ஒத்தடம் குடுத்தேன் தாயி. எருக்கல வச்சு, செங்கல்லுல. சுடுதான்னு கேட்டுக் கேட்டுத்தான் வச்சேன். இல்ல, எதமா இருக்கு, இன்னும் செத்த நேரம் இருக்கட்டும்னாவ. காலையில பார்த்தா பாளமா தோலு கழண்டு கெடக்கு. மஞ்சளும் வேப்பெண்ணையும் போட்டுப் பார்த்தேன். ஆறல.”

நான் கீழே உட்கார்ந்தேன். அன்றைக்கும் அவர் இழுத்துக்கொள்ளத்தான் பார்த்தார். இழுக்க அந்தக் காலில் தெம்பில்லை. இரண்டு கையாலும் பிடித்து என் மடி மேல் வைத்துக்கொண்டேன். பாதத்தின் மேல் நாடி இல்லை. கணுக்காலுக்குப் பின்னால் இல்லை. முழங்காலுக்குப் பின்னால் இல்லை. தொடை இடுக்கில் மட்டும் ஏதோ மெலிதாகத் தட்டியது. தொடைக்குக் கீழே கால் எப்போதோ தனியாகிவிட்டிருந்தது.

நம்ப மனசில்லாமல், வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிற சின்னக் கருவியைப் பிரசவ அறையிலிருந்து எடுத்து வரச் சொன்னேன். காலுக்கு என்று தனியாக ஒன்று உண்டு, அது எங்களிடம் இல்லை. வலது கணுக்காலில் பசையைத் தடவி வைத்ததும், காற்று போய் வருகிற மாதிரி விட்டு விட்டுச் சத்தம் கேட்டது. இடது காலில் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

“என்ன தாயி, எங் கால்ல புள்ளையாத் தேடுதீங்க?” என்று நல்லக்கண்ணு சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

108 வந்தது. ஏற்றும்போது ஆறுமுகத்தாயிடம், ஆட்டைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வா, சினை ஆட்டை மட்டும் தனியாகக் கட்டச் சொல் என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரெண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்றுதான் நினைத்திருந்தார். கோவில்பட்டியில் பார்த்துவிட்டு அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை பார்க்கிற ஹரிஹரசுதன் கல்லூரியில் எனக்கு மூன்று வருஷம் மூத்தவர். மறுநாள் நானே கூப்பிட்டேன். ஸ்கேனில் தொடையிலிருந்து கீழே குழாய் முழுக்க அடைத்திருக்கிறது, சீழ் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, காலைப் பார்த்தால் உயிர் நிற்காது, முழங்காலுக்கு மேலே எடுத்துவிட வேண்டும் என்றார்.

“வேற வழியே இல்லையா அண்ணா?”

“இப்ப இல்ல. நடந்தா வலிக்குதுன்னு சொன்னப்பவே புடிச்சிருந்தா, பீடிய நிறுத்தச் சொல்லி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்து, தினமும் வலி வர்ற வரைக்கும் நட, நின்னுட்டுத் திரும்ப நடன்னு பழக்கியிருக்கலாம். நெறைய பேர் அதுலயே ஓட்டிருவாங்க. படுத்தா வலின்னு சொன்னப்ப வந்திருந்தாகூட பலூன் விட்டு அடைப்பை எடுத்துப் பார்த்திருப்பேன். முதல்ல யார் பார்த்தது?”

“நான்தான்.”

“நாடி பார்த்தியா?”

“இல்ல.”

பிறகு, “மழைக்காலம், கூட்டமா இருந்திருக்கும். எல்லாருக்கும் நடக்கிறதுதான், மனசுல வச்சுக்காத” என்றார். எனக்குச் சமாதானம் சொல்ல ஒரு பெரிய டாக்டர் இருந்தார்.

ஆறுமுகத்தாய்க்கு யாருமில்லை. காலை எடுத்த பிறகு இசக்கிச்செல்வி ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நல்லக்கண்ணுவின் தங்கை, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், சூடு வைத்து மனுசனை முடமாக்கியவள் என்று ஆறுமுகத்தாயை ஏசினாளாம். பக்கத்துப் படுக்கைக்காரர்களும் அதையே பேசுகிறார்களாம். மகன் சதீஷ்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவன், ஓடி வந்திருக்கிறான். வந்து ஐந்து நாளாகிறது, பெற்றவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கொடுத்த காப்பியைக்கூட வாங்கிக் குடிக்கவில்லையாம்.

“அந்தம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது டாக்டர். ஒத்தடம் குடுக்கச் சொன்னது நீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்லா. வாயே தொறக்கல” என்றாள் இசக்கிச்செல்வி. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஊசிகளை அடுக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். என் வாயால் சொல்லிவிடுவது, முதலில் ஆறுமுகத்தாயிடம், பிறகு மகனிடம், கடைசியாக நல்லக்கண்ணுவிடம். இதுதான் திட்டம். கோவில்பட்டியில் ரயில் ஏறும்போது தைரியமாகத்தான் இருந்தது. மணியாச்சியில் எதிர் வண்டிக்காக நிறுத்திப் போட்டுவிட்டார்கள். அந்த வண்டி வந்து எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றது. இறங்கி அதில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கோவில்பட்டி. கதவு வரைக்கும் போய்விட்டேன். பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்றோ, யாரும் அடித்துவிடுவார்கள் என்றோ இல்லை. ஊரில் என்னை நல்லவள் என்று நினைக்கிற மனிதர்களில் மூன்று பேர் குறைந்துவிடுவார்களே என்ற பயம். அவ்வளவு கேவலமான பயம். எதிர் வண்டி நகர்ந்த பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ஆறுமுகத்தாய் ஆஸ்பத்திரிக் குழாயடியில் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒல்லியாகிப் போயிருந்தாள். அங்கேயே சொல்லிவிட்டேன்.

“தப்பு உங்க மேல இல்ல. சூடா ஒத்தடம் குடுங்கன்னு சொன்னது நான். ஐப்பசியில வந்தப்பவே நான் காலைத் தொட்டு நாடி பார்த்திருந்தா இந்தக் கால் போயிருக்காது. அவர் கூசுனாரேன்னு விட்டுட்டேன். உங்க மகன்கிட்டயும் இதைச் சொல்லப் போறேன்.”

அவள் அழுவாள் என்றோ, திட்டுவாள் என்றோ எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும். அவள் வாளியை மூடி ஓரமாக வைத்தாள்.

“தெரியும் தாயி” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அன்னைக்கு எங்களுக்கு முந்தி ஒரு கடைக்கார அண்ணாச்சி உள்ள இருந்தாவ. கதவு தொறந்துதான் இருந்துச்சு, நான் பார்த்துக்கிட்டு நின்னேன். அவியளும் காலத் தொடாதீங்கம்மா, நீங்க எம் மக மாதிரின்னு சொல்லி இழுத்துக்கிட்டாவ. நீங்க, சும்மா இருங்க அண்ணாச்சின்னு சத்தம் போட்டு, புடிச்சு இழுத்து வச்சு, ரெண்டு காலையும் அமுக்கி அமுக்கிப் பார்த்தீங்க. அதுக்கு அடுத்தாப்புலதான் நாங்க வந்தோம்.”

குரலில் கோபம் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. காசிராஜன் அண்ணாச்சி, தோல் சிவந்து தடித்திருந்தது, வெறும் சேற்றுப் புண். இப்போது இதைச் சொல்லத் தொடங்கியபோதுகூட அவரை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். நல்லக்கண்ணு காலை இழுத்துக்கொண்டபோது என் மனசில் இருந்தது இரக்கமில்லை. அப்பாடா என்று இருந்தது. அதை ஒருத்தி கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், நான் சொன்னபடி ஒத்தடமும் கொடுத்திருக்கிறாள்.

“ஏன் யார்கிட்டயும் சொல்லல?” என்றேன்.

“மவன்கிட்ட நீங்க சொல்லுங்க தாயி. அவன் எங்கிட்டப் பேசணும். அது எனக்கு வேணும். இவியகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

“அவருக்குத்தானே முதல்ல தெரியணும்?”

“வேண்டாம். கால் போனதக்கூடத் தாங்கிக்கிட்டாவ. ஆடு மேய்க்க முடியாதுங்கிறதையும் தாங்கிக்கிடுவாவ. படுக்கை படுக்கையா எல்லார்ட்டயும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிக்கிட்டுக் கெடக்காவ. எங்க மொதலாளி மக எங் காலை எடுத்து மடியில வச்சுப் பார்த்தாவன்னு. அதுல போயி நீங்க மண்ணப் போட்டுறாதீங்க.”

சதீஷ்குமார் வெளியே டீக்கடையில் இருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடைக்கார அண்ணாச்சியையும் சேர்த்து. முழுக்கக் கேட்டான். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுக் குழாயடிக்கு நடந்தான். அவன் அம்மாவின் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டது நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது.

நான் வார்டுக்குள் போனேன். நல்லக்கண்ணு முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை.

“நான் சொன்னம்லா, அவிய இவியதான்” என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொன்னார். அந்த மனிதர் என்னைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன்.